பூசணத்துக்கு 'ங்க' போட்ட அண்ணன்

கொங்கு நாட்டில் மரியாதைக்குப் பஞ்சம் கிடையாது. பஸ்ஸில் நம் காலை மிதித்தவரிடமே 'ஏனுங்க, கொஞ்சம் காலை எடுத்துக்குங்க' என்று கெஞ்சுகிற ஊர் எங்களுடையது. ஆனால் ரொட்டியில் பூத்த பூசணத்தைப் பார்த்து 'வாங்க, சௌக்கியங்களா?' என்று விசாரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவள் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை அவருடைய அம்மாவைத் தவிர வேறு யாரும் உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை. எங்களுக்கு அவர் பூசணம் அண்ணன். எங்கள் ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிற கைடுக்கு 'ஏப்பா பூசணம்'. கேன்டீனில் 'பூசணத்துக்கு ஒரு தயிர் சாதம்' என்று குரல் கேட்டால் புதிதாக வந்தவர்கள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

கோயமுத்தூரில் நாங்கள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், எனக்கு வக்கீல் நோட்டீஸ். பூஞ்சைகளை ஆராய்கிற கூடம் அது. நான் வாழையை வாட வைக்கிற ஒரு பூஞ்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து மேஜையில் ஆரஞ்சுப் பூசணம் வளர்த்துக்கொண்டிருந்தார். பேக்கரி ரொட்டியிலும் எரிந்த கரும்புத் தோகையிலும் பொடிப் பொடியாகப் பூக்குமே, அந்த ஆரஞ்சு. உலகமே துடைத்து எறிகிற அந்தச் சமாச்சாரத்தை அவர் கண்ணாடித் தட்டில் வைத்துச் சர்க்கரை ஊட்டிச் சீராட்டினார். தினமும் காலையில் வந்ததும் தட்டைத் திறப்பதற்கு முன்னால் மேலே விரலால் லேசாகத் தட்டுவார். "உள்ள வரலாங்களா?"

கோயமுத்தூரில் டீ குடிப்பதென்றால் பேக்கரிக்குத்தான் போக வேண்டும். எங்கள் வாசலிலேயே ஒன்று இருந்தது. முதல் முறை அவரோடு அங்கே போன அன்று, தேங்காய் பன் கேட்டுவிட்டு நின்றவர், திடீரென்று கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, காணாமல் போன சொந்தக்காரரைக் கண்டவர் மாதிரி கூவினார்.

"அடடா! நீங்க எப்ப வந்தீங்க? வந்தவிங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அலமாரியின் பின்பக்கம், யாரோ மறந்துவிட்ட ஒரு ரொட்டித் துண்டில், ஆரஞ்சு நிறத்தில் அமோக விளைச்சல். அண்ணன் அதை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, "பாருங்க அம்மணி, என்ன ஒரு களை!" என்று எனக்குக் காட்டினார். பப்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் பப்ஸைக் கீழே வைத்தார்கள். பேக்கரிக்காரர் சத்தம் போடவில்லை. எங்கள் ஊர்க்காரர் இல்லையா? கை கூப்பினார். "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் இனிமே அக்கட்டால இருக்கற கடைக்குப் போயிக்குங்க. உங்க புண்ணியத்துல நானும் நாலு காசு பாக்கோணுமுங்க." அன்றிலிருந்து நல்ல டீக்காக வெயிலில் அரை மைல் நடந்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

டீயாவது போகட்டும். அந்த ஆரஞ்சுப் பொடி இருக்கிறதே, மின்விசிறியைப் போட்டால் போதும், ஊர்வலம் கிளம்பிவிடும். மூடியிருக்கிற தட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பொத்திப் பொத்தி வளர்த்த வாழைப் பூஞ்சைத் தட்டுகளை ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தால் எல்லாம் காவி கட்டியிருந்தன. மாதக்கணக்கான வேலை. நான் கத்திய கத்தலில் கூர்க்கா ஓடி வந்தார். அண்ணன் பதறிப்போய் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அவிங்களுக்குக் காத்துன்னா உசுருங்க. வெளையாட்டுப் புத்தி. அவிங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க."

"மன்னிப்பை அவங்களையே வந்து கேக்கச் சொல்லுங்ணா!"

"வந்துதானுங்களே இருக்காங்க" என்று என் தட்டுகளைக் காட்டினார். இந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவருடைய ஆராய்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும், பயப்படாதீர்கள். அந்தப் பூசணம் ஆரஞ்சாக இருப்பதற்கு அதற்குள் ஒரு மரபணு இருக்கிறது. அதே மரபணுவின் நகல்களை இன்னும் நாலைந்து உள்ளே நுழைத்தால் என்ன ஆகும்? இன்னும் நல்ல ஆரஞ்சாகும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? ஆகாது. சில பூசணங்கள் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். இருந்த நிறமும் போய்விடும். ஏன் என்று நான் முதல் நாள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்றுவரை நான் என் மாணவர்களுக்குச் சொல்வது.

"கல்யாணப் பத்திரிக்கை வருதுன்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் வந்து வெத்தலை பாக்கோட வெச்சா, 'சேரிங்க, வந்துடறோமுங்க'ன்னு வாங்கி வெப்போம். அதே பத்திரிக்கையை நாலு ஆளு நாலு தடவை கொண்டாந்து குடுத்தா? 'இதுல என்னமோ கோளாறு இருக்குது'ன்னு தோணுமுல்லீங்க? செல்லுக்கும் அப்பிடித்தானுங்க. சந்தேகம் வந்துபோச்சுன்னா அந்தப் பத்திரிக்கையைப் புடிச்சுப் பொடிப் பொடியா நறுக்கிப்போடும். அந்தத் துணுக்குக்குத்தான் சிறு ஆர்.என்.ஏ.ன்னு பேருங்க. ஒவ்வொரு துணுக்கையும் ஒரு காவக்காரன் கையில குடுத்து, 'இதே எழுத்து இருக்கற பத்திரிக்கை எங்க கண்டாலும் கிழிச்சுப்போடு'ன்னு அனுப்பிவிட்டுடும். அவன் அசலு எது நகலு எதுன்னெல்லாம் பாக்க மாட்டான். எல்லாத்தையும் கிழிச்சுப்போடுவான். கல்யாணமே நின்னு போச்சுங்க. நெறமும் போச்சு."

இதற்குப் பெயர் ஆர்.என்.ஏ. மௌனமாக்கல். உலகத்தில் எங்கெங்கோ பெரியவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த விஷயம்தான். நம்மூர் ரொட்டியில் பிடித்த நம்மூர்ப் பூசணத்திலும் அதைச் செய்து காட்டி, அந்த மௌனம் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்ப்பது அண்ணனின் வேலை.

விஷயத்தைப் புரிய வைக்கத் தெரிந்தவர், தன் கல்யாண விஷயத்தில் கோட்டைவிட்டார். பெண் வீட்டார் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா 'பையன் சயின்டிஸ்ட்டுங்க' என்று அழகாகச் சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் மாமா, "என்னங்க மாப்ள கண்டுபுடிக்கறீங்க?" என்று கேட்டார். "பூசணத்தைப் பேசாம இருக்க வெக்கறேனுங்க" என்றார் இவர். மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அது எப்பங்க பேசுச்சு?" அதோடு காபி டம்ளர்கள் உள்ளே போயின.

இந்தக் கல்யாணம் தட்டிப் போனதும் அவருடைய அப்பா நேராக எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். காங்கேயத்தில் அவருக்குத் தேங்காய் எண்ணெய் மில்லும் கொப்பரை காய வைக்கிற களமும் உண்டு. கொப்பரைக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி பூசணம். ஒரு மழை பெய்து களம் நனைந்தால் மூட்டை மூட்டையாகப் பச்சைப் பூசணம் பிடித்துவிடும். அப்படிப்பட்டவருடைய ஒரே மகன், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பூசணத்திடம் குனிந்து குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா அம்மணி? பூசணத்தை ஒழிக்கறதுக்கு நானு காலம்பூரா பாடுபட்டுட்டு இருக்கறேன். என்ற பையன் அதுக்குச் சக்கரைத் தண்ணி காட்டி வளத்தீட்டு இருக்கறான்."

பிறகு மகனிடம் தீர்ப்பு சொன்னார். "கண்ணு, உன்ற இஷ்டத்துக்கு விட்டாச்சு. இந்தத் தடவை உங்களுக்குப் பணங்குடுக்கற கமிட்டி பாக்க வரும்போது வெள்ளையைக் காட்டீட்டயின்னா இங்கயே இரு, நானு ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். ஆரஞ்சுன்னா களத்துக்கு வந்துபோடு."

"சேரிங்கப்பா" என்றார் அண்ணன். சொன்ன சொல் மாறாத குடும்பம் அது. அன்றைக்கு முதல் முறையாக அவர் மூடியைத் தட்டாமலே தட்டைத் திறந்ததைப் பார்த்தேன். பூசணத்தைப் பிரிந்து அந்த மனிதர் ஒரு வாரம்கூட இருக்க மாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளை வந்தது. நிஜமாகவே வந்தது. ஒரு காலையில் தட்டைத் தட்டித் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆரஞ்சுகளுக்கு நடுவே ஒரு தட்டு மட்டும் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது. அவர் துள்ளிக் குதிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "மெல்லப் பேசுங்க அம்மணி, இப்பத்தான் அமைதி ஆயிருக்காங்க" என்றார். ஹாஸ்டலே திரண்டு வந்து வரிசையில் நின்று தரிசித்தது.

எங்கள் கைடு அதுவரை அந்த அறைக்குள் வந்ததே இல்லை. காற்றில் பொடி இருக்கிறதாம், அவருக்குத் தும்மல் வருமாம். வெள்ளை வந்த செய்தி போனதும் தும்மல் நின்றுவிட்டது. தட்டைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் ஏறியது. அதில் கைடு ஆளுயரத்துக்குச் சிரித்தார், பூசணம் ஒரு ரூபாய் அளவுக்கு இருந்தது, அண்ணனைக் காணவில்லை.

கமிட்டி வருவதற்குச் சில நாள் முன்னால் வெள்ளையின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு ஆரஞ்சுக் கீற்று எட்டிப் பார்த்தது. அண்ணன் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. நுழைத்த நகல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோனால் செல்லின் சந்தேகமும் தீர்ந்துவிடும், மௌனமும் கலைந்துவிடும். விஞ்ஞானத்துக்கு அது நல்ல செய்தி. அண்ணனுக்குக் காங்கேயம் பஸ். கீற்று பட்டையாகி, பட்டை தட்டு முழுக்கப் பரவுவதை அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகக் கைடிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"ஆரஞ்சைப் பாக்கறதுக்கு எதுக்கப்பா கமிட்டி? அதுக்குப் பேக்கரி போதுமே!" என்று குதித்தார் கைடு. அப்புறம் தணிந்து, "நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் 'பாத்துக்கறேன்' என்று சொன்ன எதுவும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

கமிட்டி வந்தது. பூங்கொத்து, பொன்னாடை, வரவேற்புரை, பப்ஸ். தலைவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மையார், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மேஜையில் பட்டுத் துணி விரித்து, அதன் மேல் ஒரு தட்டு. தட்டில் பளீரென்று வெள்ளை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் மாலை அண்ணனின் தட்டு முழு ஆரஞ்சாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். இந்த வெள்ளையையும் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டடத்தில் காளான் வளர்க்கும் பிரிவு இருக்கிறது. அங்கே கேட்டால் சிப்பிக்காளான் பூஞ்சை தட்டுத் தட்டாகக் கொடுப்பார்கள். அதுவும் வெள்ளைதான்.

கைடு கால் மணி நேரம் பேசினார். "நம்ம பையன் மேற்கொண்டு விளக்குவார்" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் முன்னால் வந்தார். வழக்கம் போல மூடியை விரலால் தட்டினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கமுங்க. நீங்க யாருங்க?"

அறையில் பப்ஸ் மெல்லுகிற சத்தம் நின்றது.

"என்னப்பா விளையாட்டு! வெளிச்சம் பத்தலையா? நல்லாப் பாரு" என்று கைடு சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

அண்ணன் பணிவாக நல்லாப் பார்த்தார். "நல்லாப் பாத்துட்டேனுங்கய்யா. இவிங்க நம்ம ஆளுங்க இல்லீங்க. காளான் யூனிட்டுக்காரவிங்க. ரொம்ப நல்லவிங்கதான், நம்மூட்டுக்கு விருந்தாளியா வந்திருக்காங்க போல."

கைடு அவர் காதருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்கும்படி, "உங்கப்பன் சொன்னது ஞாபகம் இருக்குதா? இதான் நம்மளுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இங்கயே இருந்துக்கலாம்" என்றார்.

சொல்லிவிடுங்கள் அண்ணா என்று என் மனசும் கத்தியது. பொய் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த நிமிஷம் பிடித்திருந்தது.

அண்ணன் சங்கடத்தில் நெளிந்தார். "அதில்லீங்கய்யா... நம்மூட்டுக்கு வந்தவிங்கள வேற ஒருத்தர் பேரைச் சொல்லி அறிமுகப்படுத்தறது மரியாதை இல்லீங்களே. அவிங்க மனசு என்ன பாடுபடும்?"

தலைவர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுடையது எங்கே?" அண்ணன் அலமாரியைத் திறந்து தன் தட்டைக் கொண்டுவந்தார். தேர் நோம்பித் திருவிழா மாதிரி ஜே ஜே என்று ஆரஞ்சு. ஒரு உறுப்பினர் தன் பப்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டார். பத்திரிக்கை வைக்க வந்த கூட்டம் எப்படிக் கலைந்தது, சந்தேகம் எப்படித் தீர்ந்தது, கல்யாணம் எப்படி மறுபடி கூடியது என்று அண்ணன் சொல்லச் சொல்ல, அந்த அம்மையார் முகம் மலர்ந்துகொண்டே போனது. மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் அண்ணன் பிரமாதமாகப் பதில் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

"நல்ல வேலை தம்பி. மௌனம் கலைவதைத்தான் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை" என்றார் அவர். பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனால் உங்கள் நிறுவனம் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது வெள்ளை. ஆரஞ்சுக்கு நீட்டிப்புக் கொடுக்க விதி இல்லை."

திட்டம் மூடப்பட்டது. கைடுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வருடமே அவரை ஆராய்ச்சி நேர்மைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அதற்கும் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

அண்ணனின் அப்பா தேங்காய் ஏற்றுகிற வண்டியோடு வந்து வாசலில் நின்றார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. மரபணு மாற்றிய பூசணத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு யந்திரத்தில் வைத்து ஆவியில் அவித்து அழித்துவிட வேண்டும். அண்ணன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, "போய்ட்டு வாரேனுங்க" என்று சொல்லி அடுக்கினார். யந்திரத்தின் கதவு வரைக்கும் வந்தவரால் அதற்கு மேல் முடியவில்லை.

"நீங்க செஞ்சுபோடுங்க அம்மணி. நான் வெளிய நிக்கறேனுங்க."

என் வேலையை நாசம் செய்த பொடி. என்னை நல்ல டீக்கு அலையவிட்ட பொடி. அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று வருடக்கணக்கில் கறுவியவள் நான். கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு, அழுதேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயம் போனபோது களத்துக்குப் போய்ப் பார்த்தேன். லுங்கியும் தலையில் துண்டுமாக அண்ணன் கொப்பரையைத் துழாவிக்கொண்டிருந்தார். பச்சைப் பூசணம் பிடித்த சில்லுகளை மட்டும் தனியாகப் பொறுக்கி ஒரு கூடையில் வைத்திருந்தார். அதில் விஷம் ஊறுமாம். அதற்கென்று ஒரு சிறு ஆர்.என்.ஏ. தயார் செய்து தெளித்தால், அந்த விஷ வேலையை மட்டும் நிறுத்திவிட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "கொல்ல வேண்டாமுங்க அம்மணி. அந்த ஒரு பேச்சை மட்டும் நிறுத்துனாப் போதுமுங்க."

அப்பா என்னைத் தனியாக அழைத்துப்போய்ப் புலம்பினார். "என்ன பண்றதுங்க அம்மணி? பழைய குடோனைக் காலி பண்ணிக் குடுத்துட்டேன். அவிங்களுக்கு வெயிலு ஆகாதாமுல்ல." சொன்ன பிறகுதான் பூசணத்துக்குத் தன் வாயில் வந்த 'அவிங்க' அவருக்கே உறைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கிளம்பும்போது அண்ணன் கேட் வரைக்கும் வந்தார். "பழைய ஆளுங்களை எங்கியாவது பாத்தீங்களா அம்மணி?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இல்லை என்றேன். "பாத்தா நான் கேட்டதாச் சொல்லுங்க."

நேற்றுக் காலை எங்கள் வீட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால், ஓரத்தில் பொடியாக ஆரஞ்சு. என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே குப்பைக் கூடைக்குக் கொண்டு போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். பொட்டலத்தின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குனிந்து சொன்னேன்.

"அண்ணன் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாருங்க."